15 ஆயிரம் ரூபாய் வெப்சைட்! 5 வருடத்தில் ஆகும் செலவு எவ்வளவு?

திண்டுக்கல் பூட்டுக் கடைக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

திண்டுக்கல் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது?

சிலர் மலைக்கோட்டை என்பார்கள். சிலர் பிரியாணி என்பார்கள். வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். "பூட்டு!" என்பார்கள்.

திண்டுக்கல் பூட்டு கையால் செய்யப்படும் பூட்டு ஆகும். இரும்பும் பித்தளையும் கொண்டு செய்கிறார்கள். மாங்காய் வடிவத்தில் ஒரு பூட்டு உண்டு. அதற்கு "மாங்காய்ப் பூட்டு" என்றே பெயர். கோவில் கதவு, கிட்டங்கி, சிறைச்சாலை என்று பல இடங்களிலும் திண்டுக்கல் பூட்டு தொங்கியது.

2019-ம் ஆண்டில் இந்தப் பூட்டுக்கு "புவிசார் குறியீடு" கிடைத்தது. அதாவது, இந்த வட்டாரத்தில் செய்த பூட்டைத்தான் "திண்டுக்கல் பூட்டு" என்று விற்கலாம். வேறு எங்கோ செய்த பூட்டுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது.

பெயர் கிடைத்தது. ஆனால் தொழில் தேய்ந்து கொண்டே வருகிறது.

எந்திரத்தில் செய்த பூட்டு மலிவாக வருகிறது. உத்தரப்பிரதேசத்தில் உள்ள அலிகார் நகரில் இருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. பட்டறையில் உட்கார்ந்து அரம் பிடிக்க இளைஞர்கள் வருவது இல்லை.

"ஊரில் விற்காவிட்டால் என்ன? இணையத்தில் விற்கலாமே! டெல்லிக்காரர் வாங்குவார். துபாய்க்காரர் வாங்குவார்" என்ற எண்ணம் இப்போது பல குடும்பங்களில் எழுந்து இருக்கிறது.

நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்கு ஆகும் உண்மையான செலவு என்ன? அதைத் தெரிந்து கொண்டு இறங்க வேண்டாமா?

ஒரு குடும்பம்

ஒரு பூட்டுக் கடைக் குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இதைப் போன்ற குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

அப்பா கடையைப் பார்த்துக் கொள்கிறார். அம்மா வீட்டையும் பார்க்கிறார், கடைக் கணக்கையும் எழுதுகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள்.

ஒரு நாள் மகள் சொன்னாள்:

"அப்பா, நாமும் ஒரு வெப்சைட் வைக்கலாம். 15 ஆயிரம் ரூபாயில் செய்து தருகிறார்களாம். ஒரு வருடத்துக்கு வேறு செலவே இல்லையாம்."

அப்பாவுக்குச் சந்தோஷம். "15 ஆயிரம்தானே! கடைக்குப் போர்டு எழுதி வைத்தாலே அவ்வளவு ஆகிறது. செய்து விடலாம், அம்மா" என்றார்.

கணக்கு நோட்டில் இருந்து தலையைத் தூக்கினார், அம்மா.

"முதல் வருடம் சரி. இரண்டாவது வருடம் எவ்வளவு?"

அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. மகளுக்கும் தெரியவில்லை.

வாசகர்களே! அந்த அம்மா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. வெப்சைட் வைக்க நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

வெப்சைட் என்றால் என்ன?

வெப்சைட் என்பது ஒரு கடை மாதிரி. செல்போனில் திறந்து பார்க்கும் கடை.

கடைக்கு என்ன வேண்டும்? முதலில் ஒரு முகவரி வேண்டும். பிறகு ஓர் இடம் வேண்டும். இடத்துக்கு மாதா மாதம் வாடகை கொடுக்க வேண்டும். கடையைத் தினமும் கூட்ட வேண்டும். ராத்திரி பூட்ட வேண்டும். சரக்கை அடுக்கி வைக்க வேண்டும். வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

வெப்சைட்டுக்கும் இவை எல்லாம் வேண்டும். வெப்சைட்டைக் கட்டிக் கொடுக்கத்தான் 15 ஆயிரம் ரூபாய். மற்றவை தனி!

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முகவரி

வெப்சைட்டின் முகவரிக்கு "டொமைன்" என்று பெயர். ".காம்" என்றும், ".இன்" என்றும் முடிகிறதே, அதுதான். ".இன்" என்று முடியும் இந்திய முகவரிகளை "நிக்சி" என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. தமிழ் எழுத்திலேயே ".இந்தியா" என்று முடியும் முகவரியும் வாங்கலாம்.

இந்த முகவரியை யாரும் சாசுவதமாக விலைக்கு வாங்க முடியாது. குத்தகைக்குத்தான் எடுக்கலாம். ஒரு வருடத்துக்கு எடுக்கலாம். பல வருடத்துக்கும் சேர்த்து எடுக்கலாம். கெடு முடிந்ததும் மறுபடியும் பணம் கட்ட வேண்டும்.

முதல் வருடம் சலுகை விலையில் கொடுப்பார்கள். இலவசமாகவும் கொடுப்பார்கள். இரண்டாவது வருடம் முழு விலை கேட்பார்கள். ஆகையால் முதல் வருட விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. "புதுப்பிக்கும்போது எவ்வளவு?" என்று கேட்க வேண்டும்.

சாதாரணமாக ஒரு முகவரிக்கு வருடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக் கொள்ளலாம்.

பணம் கட்ட மறந்தால் என்ன ஆகும்? வெப்சைட் நின்று போகும். சில வாரம் தவணை உண்டு. அதன் பிறகு அபராதம் போலக் கூடுதல் பணம் கட்டி மீட்க வேண்டும். அப்போதும் மீட்காவிட்டால் அந்த முகவரியை வேறு யாரும் எடுத்துக் கொள்ளலாம்.

35 டாலர் மறதி

"இப்படி யாராவது மறப்பார்களா?" என்று கேட்காதீர்கள். உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்றான மைக்ரோசாப்ட் மறந்து இருக்கிறது!

1999-ம் ஆண்டு டிசம்பர் மாதம். கிறிஸ்துமஸ் சமயம். மைக்ரோசாப்டின் "ஹாட்மெயில்" என்ற கடிதப் போக்குவரத்து திடீர் என்று தடைப்பட்டது. உள்ளே நுழைய முடியாமல் பலர் தவித்தார்கள்.

காரணம் என்ன? "பாஸ்போர்ட்.காம்" என்ற முகவரிக்குக் கட்ட வேண்டிய 35 டாலரைக் கம்பெனி கட்டவில்லை. அந்த முகவரி வழியாகத்தான் ஹாட்மெயிலுக்குள் நுழைய வேண்டும்.

இதை அமெரிக்காவைச் சேர்ந்த மைக்கேல் சேனி என்ற கம்ப்யூட்டர் நிபுணர் கண்டு பிடித்தார். தன் சொந்தக் கார்டில் இருந்து 35 டாலரைக் கட்டினார். ஹாட்மெயில் மறுபடியும் வேலை செய்யத் தொடங்கியது!

மைக்ரோசாப்டுக்கு ஒரு நல்ல மனிதர் கிடைத்தார். திண்டுக்கல் கடைக்காரருக்கு அப்படி ஒருவர் கிடைப்பார் என்று நம்பி இருக்க முடியுமா?

பெயரின் மதிப்பு

பெயர் போனால் என்ன நஷ்டம் என்பது திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

1957-ல் நாகசாமி நாயுடு என்பவர் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை ஆரம்பித்தார். கடைக்கு "ஆனந்த விலாஸ்" என்று பெயர். ஆனால் அவர் எப்போதும் தலைப்பாகை கட்டி இருப்பார். ஜனங்கள் "தலப்பாக்கட்டி கடை" என்றே சொன்னார்கள். ஜனங்கள் வைத்த பெயரே நிலைத்தது. பிற்காலத்தில் அந்தப் பெயருக்காகச் சென்னை ஐகோர்ட்டில் வழக்கு நடந்தது என்றால், அதன் மதிப்பைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இணைய முகவரியும் ஒரு பெயர்தான். ஐந்து வருடம் விளம்பரம் செய்து, பில்லிலும் பெட்டியிலும் அச்சடித்து, பிறகு அதை ஆயிரம் ரூபாய்க்காக இழக்கலாமா?

இடத்து வாடகை

முகவரி ஆயிற்று. இனி இடம்.

வெப்சைட்டில் உள்ள படமும் எழுத்தும் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடிக் கொண்டே இருக்க வேண்டும். அதற்கு "சர்வர்" என்று பெயர். அதில் இடம் வாடகைக்கு எடுப்பதை "ஹோஸ்டிங்" என்கிறார்கள்.

இதிலும் முதல் வருடம் ஒரு விலை, அடுத்த வருடம் ஒரு விலை உண்டு. சிலர் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால்தான் குறைந்த விலை தருவார்கள். விளம்பரத்தில் "மாதம் இவ்வளவு" என்று பெரிய எழுத்தில் இருக்கும். "36 மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால்" என்பது சிறிய எழுத்தில் இருக்கும். இதற்கு மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வரி உண்டு.

ஒரு சிறிய கடைக்கு வரி உள்பட வருடத்துக்கு 4 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம்.

தீயில் எரிந்த வெப்சைட்டுகள்

இடம் வாடகைக்கு எடுத்து விட்டால் எல்லாம் பத்திரம் என்று நினைக்கக் கூடாது.

2021-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி. பிரான்சு நாட்டில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க் நகரம். அங்கே "ஓ.வி.எச்." என்ற பெரிய கம்பெனியின் சர்வர் கட்டிடத்தில் தீப்பிடித்தது. ஒரு கட்டிடம் அடியோடு நாசம் ஆனது. ஆட்களுக்குக் காயம் இல்லை. ஆனால் சுமார் 36 லட்சம் வெப்சைட்டுகள் நின்று போயின.

வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்து இருந்தவர்கள் தப்பினார்கள். நகல் இல்லாதவர்களில் பலருக்குப் போனது போனதுதான்.

ஆகையால் வெப்சைட் முழுவதையும் அவ்வப்போது நகல் எடுத்து, வேறு இடத்தில் வைக்க வேண்டும். இதற்கு "பேக்அப்" என்று பெயர். பத்திரத்துக்கு ஜெராக்ஸ் எடுத்து வைப்பது போல.

கூட்டிப் பெருக்குதல்

உலகத்தில் உள்ள வெப்சைட்டுகளில் பத்துக்கு நான்கு "வேர்டுபிரஸ்" என்ற சாப்ட்வேரைக் கொண்டு கட்டப்பட்டவை. 2003-ல் வந்த சாப்ட்வேர் அது. அதை யாரும் இலவசமாக எடுத்துக் கொள்ளலாம்.

ஆனால் இலவசம் என்பதால் வேலை இல்லை என்று அர்த்தம் அல்ல. அதில் அவ்வப்போது ஓட்டை கண்டு பிடிக்கப்படுகிறது. ஓட்டையை அடைக்கப் புதிய பதிப்பு வெளியிடுகிறார்கள். அதை உடனே போட்டுக் கொள்ள வேண்டும். போடாவிட்டால் திருடன் அந்த ஓட்டை வழியாக நுழைவான்.

நுழைந்து என்ன செய்வான்? உங்கள் கடைப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரத்தை வைப்பான். வாடிக்கைக்காரரின் போன் நம்பரைத் திருடுவான். பூட்டு விற்கிற கடையிலேயே திருட்டு நடந்தால் சிரிக்க மாட்டார்களா?

பாதுகாப்புச் சான்று ஒன்றும் வேண்டும். அது இல்லாவிட்டால், "இந்த இடம் பாதுகாப்பு இல்லாதது" என்று பார்க்கிறவரின் போனிலேயே எச்சரிக்கை வரும். இந்தச் சான்றை "லெட்ஸ் என்கிரிப்ட்" என்ற அமைப்பு 2015-ல் இருந்து இலவசமாகவே தருகிறது. இதற்கென்று யாராவது பெரிய தொகை கேட்டால், "எதற்கு?" என்று விசாரியுங்கள்.

நகல் எடுக்க, ஓட்டை அடைக்க, பழுது பார்க்க ஓர் ஆள் வேண்டும். மாதம் 500 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 6 ஆயிரம் ரூபாய் ஆகிறது.

படமும் விலையும்

கடை என்றால் சரக்கு மாறும். விலை மாறும். பித்தளை விலை ஏறினால் பூட்டு விலையும் ஏறும்.

கடையில் என்றால் சாக்பீஸ் எடுத்து மாற்றி எழுதி விடலாம். வெப்சைட்டிலும் மாற்ற வேண்டும். மறந்தால், பழைய விலைக்கு ஆர்டர் வரும். வந்தவரிடம், "அந்த விலை இல்லை" என்று சொன்னால் சண்டைதான்.

புதுப் பூட்டு வந்தால் நல்ல படம் எடுக்க வேண்டும். பூட்டைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்க்க முடியாதவருக்குப் படம்தான் கண். எடை, நீளம், சாவி எத்தனை என்று எல்லாம் எழுத வேண்டும். இதற்கு வருடத்துக்கு 3 ஆயிரம் ரூபாய் வைப்போம்.

யாரும் எழுதாத செலவு

இதுவரை சொன்னது பணச் செலவு. கணக்கு நோட்டில் எழுதும் செலவு.

யாரும் எழுதாத செலவு ஒன்று உண்டு. அது வீட்டாரின் உழைப்பு.

"இந்தப் பூட்டு எத்தனை கிலோ?" "கேரளாவுக்கு அனுப்புவீர்களா?" "சாவி தொலைந்தால் வேறு சாவி கிடைக்குமா?" என்று கேள்வி வரும். இரவு 10 மணிக்கும் வரும். பதில் சொல்ல வேண்டும். பார்சல் கட்ட வேண்டும். கூரியர் ஆபீசுக்குப் போக வேண்டும். "என் பார்சல் எங்கே?" என்று கேட்பவரைச் சமாதானம் செய்ய வேண்டும்.

இதை யார் செய்வது? அம்மா செய்வார். இல்லாவிட்டால் மகள் செய்வாள். சம்பளம் கிடையாது. ஆகையால் செலவு இல்லை என்று அப்பா நினைத்துக் கொள்கிறார்.

அது தப்பு!

நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைப்போம். வருடத்துக்கு 300 நாள். ஒரு மணிக்கு 60 ரூபாய் கூலி போட்டால், வருடத்துக்கு 18 ஆயிரம் ரூபாய். 5 வருடத்துக்கு 90 ஆயிரம் ரூபாய்!

வெளி ஆளை வைத்தால் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? வீட்டுப் பெண் செய்தால் மட்டும் அது செலவு இல்லையா?

மொத்தக் கணக்கு

இப்போது கூட்டிப் பார்ப்போம். இது உத்தேசக் கணக்குதான். இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் தொகை மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான். முதல் வருடத்து முகவரி, வாடகை, பராமரிப்பு மூன்றும் அந்த 15 ஆயிரத்தில் அடக்கம் என்று வைத்துக் கொள்வோம்.

கட்டிக் கொடுக்க: 15,000 ரூபாய்.

முகவரி, 4 வருடத்துக்கு: 4,000 ரூபாய்.

இடத்து வாடகை, 4 வருடத்துக்கு: 16,000 ரூபாய்.

பராமரிப்பு, 4 வருடத்துக்கு: 24,000 ரூபாய்.

படம், விலை மாற்றம், 5 வருடத்துக்கு: 15,000 ரூபாய்.

கைப்பணச் செலவு மொத்தம்: 74,000 ரூபாய்.

வீட்டார் உழைப்பு, 5 வருடத்துக்கு: 90,000 ரூபாய்.

ஆக மொத்தம்: 1,64,000 ரூபாய்!

15 ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்தது ஒரு லட்சத்து 64 ஆயிரத்தில் வந்து நிற்கிறது. மாதத்துக்கு 2,733 ரூபாய் ஆகிறது.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு சிறிய கடைக்கு மெயின் ரோட்டில் இந்த வாடகைக்கு இடம் கிடைக்குமா? கிடைக்காது. ஆகையால் இது அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனால் தெரிந்து செலவு செய்ய வேண்டும்.

எத்தனை பூட்டு விற்க வேண்டும்?

ஒரு பூட்டின் விலை 600 ரூபாய். கூரியர் செலவு 80 ரூபாய். வாங்குகிறவர் 680 ரூபாய் கட்டுகிறார். பூட்டில் கடைக்காரருக்கு லாபம் 100 ரூபாய். இப்படி வைத்துக் கொள்வோம்.

100 ரூபாயும் கைக்கு வருமா? வராது.

கடைக் கண்ணாடியில் ஒட்டி இருக்கும் கியூ.ஆர். அட்டையில் பணம் வாங்கினால் கட்டணம் இல்லை. யு.பி.ஐ. பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று 2020 ஜனவரி முதல் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் வெப்சைட்டில் கார்டு மூலம் பணம் வாங்கிக் கொடுக்கும் கம்பெனிகள், சாதாரணமாக 2 சதவிகிதம் அளவுக்குக் கட்டணமும் அதன் மேல் வரியும் பிடிக்கும். 680 ரூபாய்க்கு அது சுமார் 16 ரூபாய். அட்டைப் பெட்டி, டேப், உள்ளே வைக்கும் காகிதம் 20 ரூபாய்.

மீதி 64 ரூபாய்.

மாதச் செலவான 2,733 ரூபாயை 64-ஆல் வகுத்துப் பாருங்கள். மாதம் 43 பூட்டு விற்றால்தான் போட்டது கைக்கு வரும். 44-வது பூட்டில் இருந்துதான் லாபம்!

வீட்டார் உழைப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் மாதம் 20 பூட்டு விற்க வேண்டும்.

பார்சல் திரும்பினால்?

"எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் பார்சலைத் திருப்பி அனுப்பி விட்டால்?

போக 80 ரூபாய், வர 80 ரூபாய். பெட்டிச் செலவு 20 ரூபாய். கார்டு கட்டணம் திரும்பி வராவிட்டால் அது 16 ரூபாய். மொத்தம் 196 ரூபாய் நஷ்டம். மூன்று பூட்டு விற்ற லாபம் ஒரே பார்சலில் போய் விடும்!

பூட்டு கனமான பொருள். கூரியரில் எடைக்குத்தான் காசு. ஆகையால் படத்தையும் எடையையும் அளவையும் சரியாகப் போட வேண்டும். சரியாகப் போட்டால் திரும்பி வருவது குறையும்.

சட்டமும் உண்டு

இணையத்தில் விற்பதற்குச் சட்டமும் உண்டு. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020-ம் ஆண்டில் வந்தன. விற்பவரின் பெயர், முகவரி, போன் நம்பர், புகார் கேட்பவர் பெயர் ஆகியவற்றை வாங்குகிறவருக்குத் தெரியும்படி கொடுக்க வேண்டும்.

வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். சிறிய வியாபாரம் என்றாலும் வேண்டும். கைவினைப் பொருள்கள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் பூட்டு எதில் சேரும் என்று கணக்குப் பார்ப்பவரிடம் முதலிலேயே கேட்டுக் கொள்வது நல்லது. அவருக்குக் கொடுக்கும் பணமும் செலவுதான்!

இலவசமாகக் கிடைக்காதா?

"இவ்வளவு செலவு எதற்கு? இலவசமாக வைக்கலாமே!" என்பார்கள், சிலர்.

வைக்கலாம். கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரை இலவசமாகப் பதியலாம். கடை வியாபாரத்துக்கென்றே "வாட்ஸ்அப் பிசினஸ்" இருக்கிறது. அதில் பூட்டின் படத்தையும் விலையையும் போட்டு வைக்கலாம். தொடங்குகிறவர்களுக்கு இவை மிகவும் நல்லவை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அது அடுத்தவர் வீட்டுத் திண்ணை. அவர் "எழுந்திரு" என்றால் எழுந்திருக்க வேண்டும்.

2020-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி "டிக்டாக்" இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதில் ஆயிரக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்து வைத்து இருந்தவர்களுக்கு ஒரே நாளில் எல்லாம் போயிற்று.

கூகுள் கம்பெனி, வரைபடத்தில் பதிந்த கடைகளுக்குச் சிறிய வெப்சைட்டையும் இலவசமாகக் கொடுத்து வந்தது. 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் அந்த வெப்சைட்டுகளை மூடி விட்டது. வரைபடத்தில் பெயர் இருந்தது. வெப்சைட் இல்லை!

சாவி யார் கையில்?

எல்லாவற்றையும் விட முக்கியமான செய்தி இது. இதற்குக் காசு செலவு இல்லை. ஆனால் கவனிக்காவிட்டால் எல்லாம் போய் விடும்.

முகவரி யார் பெயரில் பதிவு ஆகி இருக்கிறது?

வெப்சைட் கட்டிக் கொடுக்கும் தம்பி நல்லவராகவே இருப்பார். வேலை சுலபமாக முடியட்டும் என்று, முகவரியைத் தன் பெயரிலேயே பதிந்து விடுவார். ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும். "பணம் கட்டுங்கள்" என்ற நினைவூட்டும் அவருக்கே போகும்.

இரண்டு வருடம் கழித்து அவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய் விடுவார். போன் நம்பரை மாற்றி விடுவார். அல்லது ஏதோ மனஸ்தாபம் வந்து விடும். அப்போது உங்கள் கடைப் பெயர் அவர் கையில்! கடை உங்களுடையது. சாவி வேறு ஒருவருடையது.

பூட்டை விற்றுவிட்டுச் சாவியைக் கடைக்காரரே வைத்துக் கொண்டால் நீங்கள் சம்மதிப்பீர்களா?

ஆகையால் முகவரியை உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் போன் நம்பரில் பதிவு செய்யச் சொல்லுங்கள். சர்வர் கணக்கும் அப்படியே. பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரத்துடன் பீரோவில் வையுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

வெப்சைட் செய்து தருவதாக யார் வந்தாலும் பணம் கொடுக்கும் முன்பு இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.

1. இரண்டாவது வருடத்தில் இருந்து, வரி உள்பட, வருடத்துக்கு எவ்வளவு?

2. முகவரி யார் பெயரில் பதிவு ஆகும்?

3. நகல் எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுக்கப்படும்? எங்கே இருக்கும்?

4. விலையையும் படத்தையும் நாங்களே மாற்ற முடியுமா?

5. பழுது ஆனால் யார் பார்ப்பார்கள்? அதற்குத் தனிக் கூலியா?

6. வேறு ஆளிடம் மாற்றிக் கொள்ள நினைத்தால் எல்லாவற்றையும் ஒப்படைப்பீர்களா?

பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அம்மா சொன்ன வழி

மறுபடியும் நம் குடும்பத்துக்கு வருவோம்.

மகள் இந்தக் கணக்கை எல்லாம் எழுதிக் காட்டினாள். அப்பாவின் முகம் வாடியது. "அப்படியானால் வேண்டாமா?" என்றார்.

அம்மா சிரித்தார்.

"வேண்டாம் என்று யார் சொன்னது? மாதம் 43 பூட்டு விற்குமா, விற்காதா? அது நமக்குத் தெரியாது. தெரிந்து கொண்டு செய்வோம். முதலில் நம் கடைப் பெயரில் முகவரியை மட்டும் எடுத்து வைத்து விடுவோம். அதற்கு ஆயிரம் ரூபாய்தான். பெயர் பத்திரமாக இருக்கும். இந்த ஒரு வருடம் வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்போம். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பார்சல் திரும்பியது என்று நோட்டில் எழுதுவோம். மாதம் 40 பூட்டுக்கு மேல் போனால் வெப்சைட்டைக் கட்டுவோம்."

"பார்சல் கட்டுவது யார்?" என்று கேட்டாள், மகள்.

"அப்பாதான்!" என்றார், அம்மா.

அப்பா ஒப்புக் கொண்டார்.

அன்று மாலையே அப்பாவின் பெயரில் முகவரி பதிவு ஆயிற்று. அடுத்த வருடம் பணம் கட்ட வேண்டிய தேதியை அம்மா மளிகை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினார். அதற்கு ஒரு மாதத்துக்கு முந்தின தேதியையும் எழுதி, சிவப்பு மையால் கோடு போட்டார்.